தேதி அறிவிக்கும் முன் ஐஸுக்குச் சொல்லிவிடுங்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் நெடுந்தூர ஓட்டங்களை நடத்தும் குழுக்களுக்கும், அவற்றுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

காலையில் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர்களிடையே இப்போது ஒரே பேச்சு. பத்து கிலோமீட்டர், அரை மாரத்தான் எல்லாம் பார்த்தாயிற்று, இனிமேல் 12 மணி நேரம், 24 மணி நேரம், நூறு கிலோமீட்டர் என்று வைக்க வேண்டும், காந்தி சிலையில் கிளம்பி அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் வழியாகக் கடலூர் சில்வர் பீச் வரை போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்ப வேண்டும், கோடை விடுமுறையில் வைத்தால் வெளியூர்க்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள், ராத்திரி முழுக்க ஓடினால் வெயில் தொல்லையும் இருக்காது என்கிறார்கள். கேட்கும்போது எனக்கும் கால் பரபரக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தத் திட்டத்தை இப்படியே நடத்தினால் யாராவது ஒருவர் செத்துப்போவார் என்று உண்மையாகவே பயப்படுகிறேன். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

இந்த மாதிரி ஓட்டங்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அவற்றைப் பற்றிப் படித்துப் படித்துப் பிரமித்துப் போனவன் நான். கிரேக்க நாட்டின் யியானிஸ் கூரோஸ் 1997இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 24 மணி நேரத்தில் 303.506 கிலோமீட்டர் ஓடினார். இனி ஒருவரும் இதைத் தொட முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், இருபது வருஷத்துக்கு மேல் யாரும் தொடவும் இல்லை. 2021இல் லிதுவேனியாவின் அலெக்சாண்டர் சொரோகின் அதைத் தாண்டினார். அதோடு விடாமல் 2022இல் இத்தாலியின் வெரோனாவில் 319.614 கிலோமீட்டர் ஓடினார். கணக்குப் போட்டுப் பாருங்கள், சராசரியாகக் கிலோமீட்டருக்கு நாலரை நிமிடம் வருகிறது. நம் கடற்கரைச் சாலையில் யாராவது ஐந்து கிலோமீட்டரை அந்த வேகத்தில் முடித்தாலே சுற்றி நின்று கை தட்டுவோம். அவர் அதே வேகத்தில் ஒரு பகலும் ஒரு இரவும் ஓடியிருக்கிறார்.

சரி, கூரோஸ் எங்கே ஓடினார் என்பதைக் கவனிக்க வேண்டும். 400 மீட்டர் டிராக்கில், 750 சுற்றுக்கு மேல் சுற்றிச் சுற்றி. சொரோகின் ஓடியதும் சுற்றுப் பாதையில்தான். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 1997 முதல் 3,100 மைல் ஓட்டம் ஒன்று நடக்கிறது, அதாவது கிட்டத்தட்ட 4,989 கிலோமீட்டர். 52 நாளுக்குள் முடிக்க வேண்டும். பின்லாந்தின் அஷ்பிரிஹனால் ஆல்ட்டோ 2015இல் அதை 40 நாள் சொச்சத்தில் முடித்தார். பாதை எது தெரியுமா? நகரத்துக்குள் ஒரே ஒரு பிளாக்கைச் சுற்றியிருக்கும் 883 மீட்டர் நடைபாதை. அதையே 5,649 முறை சுற்ற வேண்டும்.

ஊர்விட்டு ஊர் போனால்தான் சாதனை, வட்டமாகச் சுற்றினால் அது என்ன பெரிய விஷயம் என்று நம் குழுக்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன பெரிய தூரங்கள் எல்லாம் வட்டத்தில்தான் ஓடப்பட்டிருக்கின்றன. வட்டத்தில் ஓடும்போது ஒவ்வொருவரும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை டாக்டரின் முன்னால் வந்து போகிறார். முந்தின சுற்றில் நேராக ஓடியவர் இந்தச் சுற்றில் ஒரு பக்கம் சாய்ந்து ஓடுகிறார் என்றால் உடனே தெரியும். கிருமாம்பாக்கத்துக்கும் ரெட்டிச்சாவடிக்கும் நடுவில், ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக ஓடுகிறவர் சாய்ந்தால் யார் பார்ப்பது? அதுவும் சனிக்கிழமை ராத்திரி அந்தச் சாலையில், எல்லைக் கடைகளிலிருந்து குடித்துவிட்டுத் திரும்பும் வண்டிகள் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியாததா? நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டால் அதெல்லாம் சரியாகிவிடாது.

நம் கடற்கரைச் சாலை மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு மூடியிருக்கிறது. இதைவிட நல்ல சுற்றுப் பாதை இந்தியாவில் எத்தனை ஊருக்கு வாய்க்கும்! முழுக்க 24 மணி நேரம் வேண்டுமென்றால் உப்பளம் இந்திரா காந்தி மைதானம் இருக்கிறது, கடலூரில் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. அதிகாரிகளே, அனுமதிக் கடிதம் வந்தால் பாதை நெடுஞ்சாலையில் போகிறதா, சுற்றிலா என்று முதலில் பாருங்கள். நெடுஞ்சாலை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது மாதம். 'ராத்திரியில் வெயில் இல்லை' என்ற வாதத்துக்குக் கத்தார் நாட்டின் தோகாவில் நடந்ததே போதும். 2019 உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 32 டிகிரிக்கு மேல், காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். ஓடத் தொடங்கியவர்கள் 68 பேர், முடித்தவர்கள் 40 பேர். எல்லோரும் தங்கள் நாட்டில் முதல் வரிசை வீராங்கனைகள். பலரை ஸ்ட்ரெச்சரிலும் சக்கர நாற்காலியிலும் கொண்டுபோனார்கள். அதற்கு அப்புறம்தான் டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானையே குளிர்ச்சியான சப்போரோவுக்கு மாற்றினார்கள். தோகாவும் நம்மைப் போலக் கடலோர ஊர்தான்.

மே மாதத்தில் புதுச்சேரியில் ராத்திரி எவ்வளவுதான் குளிர்ந்தாலும் பெரும்பாலும் 27 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கடலோரத்தில் சூரியன் மறைந்த பிறகு ஈரப்பதம் ஏறத்தான் செய்யும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், காற்றே நனைந்து கிடந்தால் வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். மாடியில் சும்மா படுத்திருப்பவருக்கே பனியன் ஒட்டிக்கொள்ளும் ராத்திரியில் பத்து மணி நேரம் ஓடுகிறவருக்கு என்ன ஆகும்? வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் கருவி இருக்கிறது, டபிள்யூபிஜிடி மீட்டர் என்பார்கள். அந்த எண் 28ஐத் தொட்டால் பொதுமக்கள் ஓடும் மாரத்தானை ரத்து செய்வது பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள் அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள். அது 42 கிலோமீட்டருக்குச் சொன்னது, நீங்கள் கேட்பது நூறு.

ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி நம் சாலை வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், நிறைய பேர் வெறுங்காலோடு. அவர்கள் இருட்டோடு கிளம்பி வெயில் ஏறியதும் சாவடியிலோ மரத்தடியிலோ படுத்துவிடுவார்கள், சாயங்காலம்தான் மறுபடி நடை. அவர்களை யாரும் நேரம் குறித்து விரட்டுவதில்லை. நாம் கையில் கடிகாரமும் கழுத்தில் மெடலும் கொடுத்து விரட்டப்போகிறோம், அப்படியென்றால் அவர்களைவிட நமக்கு எச்சரிக்கை கூடுதலாக இருக்க வேண்டும்.

அப்படியானால் டிசம்பர் என்பீர்கள். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. இரண்டும் நம் தலையில்தான். பொங்கல் முடிந்து ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி வரைக்கும்தான் நமக்கு வாய்த்த காலம். ஆரோவில் மாரத்தானைப் பிப்ரவரியில், அதுவும் விடியும் முன்னே தொடங்குகிறார்கள், காரணத்தோடுதான். அந்த மாதத்திலும் வானிலை கெட்டால் ரத்து செய்யும் துணிச்சல் வேண்டும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நூறு கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்தது. 172 பேர் ஓடினார்கள். நடுவில் திடீரென்று ஆலங்கட்டி மழையும் உறைய வைக்கும் காற்றும் அடித்தது, மெல்லிய உடையில் இருந்த 21 பேர் குளிரிலேயே இறந்துபோனார்கள். அவர்களில் நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் உண்டு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் குகையில் நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். டீஷர்ட் அச்சடித்தாகிவிட்டது, ஸ்பான்ஸருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் புரிகிறது, ஆனால் ரத்து என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லாத ஓட்டத்தை நடத்தக் கூடாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் இந்தக் கடற்கரைப் பக்கம் நடந்த ஓர் ஓட்டத்தில் தண்ணீர் மேசையில் நின்றேன். யார் நடத்தியது என்பது இங்கே தேவையில்லை. வெயில் ஏறிய பிறகு ஒரு தம்பி வந்தார். சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்ப் போய் வந்தார், மேசையைத் தாண்டி நின்று, வந்த வழியிலேயே திரும்ப ஓடப் பார்த்தார். பெயர் கேட்டதற்கு நம்பர் சொன்னார், அதுவும் நெஞ்சில் இருந்த நம்பர் இல்லை. உடம்பு முழுக்க வியர்வை. "வியர்க்கிறதே, அப்ப ஹீட் ஸ்ட்ரோக் இல்லை" என்றார் ஒருவர். நெற்றிக்கு நேராக நீட்டும் தெர்மாமீட்டர், கொரோனா காலத்தில் வாங்கியது, 37 சொச்சம் காட்டியது. உடனே எல்லோருக்கும் நிம்மதி. நாற்காலியில் உட்கார வைத்து வாயில் தண்ணீரை ஊற்றினார்கள், அது கடைவாயில் வழிந்தது. 108 வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை அவரைக் குளிர வைக்க யாரும் எதுவும் செய்யவில்லை, செய்ய அங்கே ஒன்றும் இல்லை. பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுநீரகம் தேறப் பல வாரம் ஆனது.

அந்த இடத்தில் நடந்த ஒவ்வொன்றும் தவறு. ஓடி ஓடி வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை வழிந்துகொண்டேதான் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குழப்பம், தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, திடீர்க் கோபம், இவைதான் அடையாளம். நெற்றித் தெர்மாமீட்டர் தோலின் சூட்டைத்தான் காட்டும், உள்சூடு 41 இருந்தாலும் அது 37 என்று காட்டிவிடும். ஆசனவாய் வழியாக எடுத்தால்தான் உண்மை தெரியும். கூச்சமாக இருக்கிறதென்றால் திரை கட்டிக்கொள்ளுங்கள். உள்சூடு 40ஐத் தாண்டி ஆளும் குழம்பியிருந்தால் முதல் அரை மணி நேரம்தான் எல்லாம். வண்டி வந்து, ஏற்றி, காஷுவாலிட்டியில் இறக்கி, பெயர் பதிந்து முடிப்பதற்குள் அந்த அரை மணி போய்விடும், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தாலும் சரி. அதனால் முதலில் குளிர வைக்க வேண்டும், அப்புறம்தான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும்.

அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற கடலோர ஊரில் ஆகஸ்ட் மாத வெயிலில் ஏழு மைல் ஓட்டம் நடக்கிறது. 18 வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்ததில் அங்கே 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்திருக்கிறது. ஒருவர்கூடச் சாகவில்லை. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள், விழுந்தவரைச் சில நிமிடங்களில் அதில் இறக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும். பெரிய மெஷின், விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை.

ஐஸுக்கா நமக்குப் பஞ்சம்? தேங்காய்த்திட்டு துறைமுகத்திலும் கடலூர் முதுநகரிலும் விடியற்காலை ஐஸ் பார்களை உடைத்து நொறுக்கிப் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றுகிறார்கள். முந்தின நாளே சொல்லிவைத்தால் மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியில் நிரப்பிக் கொடுப்பார்கள், ஓட்டம் முடியும்வரை கரையாமல் நிற்கும். தொட்டி இல்லையென்றால் ஒரு கனமான தார்ப்பாய் போதும். விழுந்தவரை அதன் நடுவில் படுக்க வைத்து, ஆறேழு பேர் சுற்றி நின்று ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் தொட்டில் மாதிரி குழிந்துகொள்ளும். அதில் தண்ணீரையும் ஐஸையும் கொட்டி, தலையை மட்டும் ஒருவர் தாங்கிக்கொண்டு, தண்ணீரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். உள்சூடு 39க்குப் பக்கத்தில் வந்ததும் வெளியே எடுத்துவிடலாம். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா வாலண்டியர்களுக்கும் செய்து காட்டிவிடலாம். மேடை, பலூன் வளைவு, டிஜே எல்லாவற்றுக்கும் காசு ஒதுக்குகிறோம், இரண்டு தார்ப்பாயும் நாலு பெட்டி ஐஸும் அந்தப் பட்டியலில் எங்கேயும் காணோம்.

அப்புறம் டிரிப்ஸ். நம் ஊரில் யார் மயங்கினாலும் 'ஒரு பாட்டில் ஏத்துங்க' என்பதுதான் முதல் குரல். நெடுந்தூர ஓட்டத்தில் அது ஆளைக் கொன்றுவிடலாம். மெதுவாக, பல மணி நேரம் ஓடுகிறவர்கள் ஒவ்வொரு மேசையிலும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி மூளை வீங்கிவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் குழப்பம், தலைவலி, வாந்தி என்று ஹீட் ஸ்ட்ரோக் போலவேதான் இருக்கும். அதனால் சோடியத்தைப் பார்க்காமல் யாருக்கும் பாட்டில் ஏற்ற வேண்டாம், டாக்டரிடம் அதற்கான கைக்கருவி இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். ஒரு எடை மெஷினும் வையுங்கள், கிளம்பியபோது இருந்ததைவிட எடை கூடியிருந்தால் அவர் அதிகமாகக் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். 'குடிங்க குடிங்க' என்று கத்தும் வாலண்டியர்களிடம் சொல்லிவையுங்கள், தாகத்துக்குக் குடித்தால் போதும். மேசையில் உப்புப் போட்ட நீர்மோரும் கஞ்சியும் இருக்கட்டும், ஆனால் அவற்றையும் வற்புறுத்திக் கொடுக்க வேண்டாம்.

வலி மாத்திரை இதைவிட மோசம், ஏனென்றால் அதை யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. பாதி வழியில் முட்டி வலிக்கிறது என்றதும் பக்கத்தில் ஓடுகிறவர் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார், அன்போடுதான். பல நாள் பாலைவன ஓட்டங்களில் 80 கிலோமீட்டர் கட்டத்தை எடுத்து மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள், 2017இல் வெளியானது. இபுபுரூஃபன் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தில் பாதிப்புத் தெரிந்தது, வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம். மாத்திரையே இல்லாமல் மூன்றில் ஒருவருக்கு, மாத்திரையோடு பாதிப் பேருக்கு. ஓட்டத்துக்கு முன் நடக்கும் கூட்டத்தில் இதை மைக்கில் சொல்லுங்கள். சிறுநீர் காபி நிறத்தில் போனால் உடனே நின்று டாக்டரிடம் வர வேண்டும் என்பதையும் சேர்த்து.

நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்? ஓடுகிறவரிடம் விட்டால் அவர் நிற்க மாட்டார். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருப்பார், வீட்டில் சொல்லியிருப்பார், சூட்டில் மூளையும் சரியாக வேலை செய்யாது. ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு 246 கிலோமீட்டர் ஓடும் ஸ்பார்ட்டத்லானில் 75 இடங்களில் நேர வரம்பு வைத்திருக்கிறார்கள், எங்கே தவறினாலும் அதோடு சரி, வண்டியில் ஏற்றிவிடுவார்கள். நாமும் அப்படி வைக்க வேண்டும். அதோடு, மருத்துவப் பொறுப்பாளர் கை காட்டினால் அது முடிவு. தலைமை விருந்தினரோ ஓட்டக்காரரின் பயிற்சியாளரோ ஸ்பான்ஸரோ கேட்டாலும் மாறக் கூடாது என்று பதிவுப் படிவத்திலேயே அச்சடியுங்கள், ஓடுகிறவர் அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எண் அட்டையைக் கொடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. 2006இல் ஒடிசாவில் புதியா சிங் என்ற நாலு வயதுச் சிறுவனைப் பூரியிலிருந்து புவனேஸ்வருக்கு 65 கிலோமீட்டர் ஓடவைத்தார்கள், ஏழு மணி நேரம், மே மாதத்தில். நாடே பார்த்தது, அப்புறம் அரசு தலையிட்டுத் தடுத்தது. நம் பக்கத்திலும் 'உலக சாதனை' என்று பேனர் கட்டிச் சின்னப் பிள்ளைகளைத் தார்ச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் ஓடவைத்து, சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சூடு பிள்ளைகளையும் விடாது, 'என்னால் முடியாது' என்று அப்பா முன்னால் சொல்லவும் அவர்களுக்குத் தெரியாது. பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் நெடுந்தூரப் பிரிவில் சேர்க்காதீர்கள். அந்தச் சாதனை நிகழ்ச்சிகளுக்கு அதிகாரிகள் தலைமை தாங்கவும் போக வேண்டாம், நீங்கள் மேடையில் இருப்பதுதான் அவர்களுக்குத் தைரியம்.

தேதியை அறிவிக்கும் அன்றே மருத்துவப் பொறுப்பாளர் யார், எந்த டபிள்யூபிஜிடி எண்ணில் ஓட்டம் ரத்தாகும், ஐஸ் எங்கே இருக்கும் என்கிற மூன்றையும் சேர்த்து அறிவியுங்கள். இவை இல்லாமல் வரும் விண்ணப்பத்துக்குப் புதுச்சேரி நிர்வாகமும் கடலூர் ஆட்சியர் அலுவலகமும் அனுமதி தர வேண்டாம். ஐஸ் கம்பெனியில் பேசுவது, தார்ப்பாய் வாங்குவது, வாலண்டியர்களுக்குப் பயிற்சி கொடுக்க டாக்டரை அழைத்து வருவது, இந்த வேலைகளை நான் எடுத்துச் செய்கிறேன். கடற்கரைச் சாலையில் காலையில் ஓடும் இன்னும் சிலரும் கூட வரத் தயார் என்கிறார்கள். பிப்ரவரிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, எந்தக் குழு முதலில் கூப்பிட்டாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
கடற்கரைச் சாலையில் காலை ஓடுகிறவர்களில் ஒருவன்
புதுச்சேரி